டெண்டர் பண்ணி வேலைய விடலாமா, நின்னு கேக்கலாமா? பினாங்கு பாயான் லெப்பாஸ் பாக்டரிங்கள்ல வேல செய்யிற நம்ம ஆளுங்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி தங்கச்சிங்களுக்கும், எனக்கு மூத்த அக்கா அண்ணன்மாருக்கும் வணக்கம்.

கொஞ்ச மாசமா பாக்டரி பஸ்சுல, கேன்டீன்ல, வாட்சப்புல எங்க பாத்தாலும் ஒரே கேள்விதான் ஓடிக்கிட்டு இருக்கு. "அக்கா, வேலைய விடுறேன்னு லெட்டர் குடுத்துடலாமா?" ஷிப்ட்ட 12 மணி நேரமா மாத்துன பிறகு, எம்சி, அதான் சீக்கு லீவு, எடுத்தா அலவன்ஸ்ல கை வைக்கிற பிறகு, இன்கிரிமென்ட்டுன்னு போட்ட காசு புள்ளைங்க பால் மாவுக்கே பத்தாதுன்னு தெரிஞ்ச பிறகு, இந்தக் கேள்வி வராம இருந்தாத்தான் ஆச்சரியம். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா பதில் சொல்லி மாளல, அதனால எல்லாருக்கும் சேத்து எழுதுறேன். நீளமாத்தான் போகும், ஆஃப் டேயில ஒக்காந்து பொறுமையா படிங்க.

மொதல்ல ஒண்ண சொல்லிடுறேன். வேலைய விட்டுப் போறவங்கள பயந்தாங்கொள்ளின்னு பேசுற பழக்கம் நம்ம கிட்ட இருக்கு, அத விட்டுடணும். போற உரிமையே நம்ம ஆளுங்களுக்கு சும்மா கெடைக்கல. நம்ம பாட்டன் பூட்டன் காலத்துல ஒப்பந்தக் கூலியா கப்பல் ஏறி வந்தவங்க தோட்டத்த விட்டு ஓடுனா அது குத்தம், புடிபட்டா ஜெயிலு. 1910லதான் மலாயாவுல அந்த மொறைக்கு முடிவு கட்டுனாங்க. அதனால ஒருத்தர் எனக்கு இந்த எடம் வேணாம்னு லெட்டர நீட்டிட்டு கேட்ட தாண்டி நடக்குறாருன்னா அவரு ஓடிப்போகல, முன்னாடி இருந்தவங்களுக்கு இல்லாத ஒரு உரிமைய எடுத்துக்குறாரு, அவ்வளவுதான்.

அதே மாதிரி நின்னு கேக்குறதும் நமக்குப் புதுசு இல்ல. 1941ல கிள்ளான் பக்கம் தோட்டத்து ஆளுங்க ஆர். எச். நாதன் மாதிரி சங்கத் தலைவருங்க பின்னாடி நின்னு வேலை நிறுத்தம் செஞ்சப்ப என்னென்ன கேட்டாங்கன்னு பாருங்க. சீனத் தொழிலாளிக்குக் குடுக்குற கூலிய எங்களுக்கும் குடு, தோட்டத்துல இருக்குற கள்ளுக்கடைய மூடு, தொரைய பாத்தா சைக்கிள்ல இருந்து எறங்கணும்னு சொல்றத நிறுத்து. கூலியோட நிக்கல, சைக்கிள்ல ஒக்காந்தபடியே போற மரியாதையையும் சேத்துக் கேட்டாங்க. நாதன புடிச்சு நாடு கடத்துனாங்க, பட்டாளத்த எறக்குனாங்க, சுட்டாங்க, உயிர் போச்சு. இன்னைக்கு நம்மள யாரும் சுடப்போறதில்ல. அதனால போறதா நிக்கிறதாங்குறத வீரம், பயம்னு தராசுல போட்டுப் பாக்காதீங்க. நீங்க செய்யிறது யாருக்கு ஒதவும், செஞ்ச பிறகு ஏதாவது மாறுமா, இத மட்டும் பாருங்க.

என் கருத்து என்னான்னா, கோவத்துல தனியா லெட்டர் குடுத்தா கம்பெனிக்கு ஒண்ணும் ஆகாது. ஆளு போவாங்க, ஆளு வருவாங்கன்னு வருசத் தொடக்கத்துலயே கணக்கு போட்டுத்தான் வச்சிருக்காங்க. எத்தன பேரு போவாங்க, புது ஆளுக்கு எத்தன வாரம் டிரெய்னிங், ஏஜென்ட்டுக்கு எவ்வளவு கட்டணும், எல்லாமே பட்ஜெட்ல இருக்கு. பட்ஜெட்ல இல்லாதது ஒண்ணே ஒண்ணுதான், ஒரே லைன்ல நிக்கிற ஆளுங்க ஒண்ணா ஒக்காந்து பேப்பர்ல எழுதிக் கையெழுத்து போட்டுக் கேக்குறது. அத பாத்தாதான் மேனேஜ்மென்ட்டு மீட்டிங் ரூம் கதவ சாத்திக்கிட்டு பேசும்.

எங்க லைன்ல இருந்த ஒரு தங்கச்சி கதைய சொல்றேன், பேரு வேணாம், அவளே எழுதச் சொல்லிட்டா. புரொடக்ஷன் ஏரியாவுக்குள்ள ஹென்ட்போன் கொண்டு போக முடியாது, லாக்கர்ல பூட்டிட்டுத்தான் ஸ்மாக் கோட்டு மாட்டணும், அது உங்க எல்லாருக்கும் தெரியும். பிரேக் டைம்ல லாக்கர தொறந்து பாத்தா மிஸ்டு கால் வரிசையா நிக்குது. சுங்கை பாக்காப்ல அவ அப்பா காலையிலயே போய்ட்டாரு. லீடர் கிட்ட ஓடுனா, ரீப்ளேஸ்மென்ட் வரட்டும்னு சொல்றாரு. சூப்பர்வைசர தேடுனா மீட்டிங்ல இருக்காரு, கேட் பாஸ்ல அவரு சைன் இல்லாம கேட்டுல இருக்குற ஜாகா வெளிய விடமாட்டாரு. பாக்டரி பஸ்சு ஷிப்ட்டு முடிஞ்சாதான். அந்தப் புள்ள ஸ்மாக்க கூட கழட்டாம கார்ட் ஹவுஸ் பெஞ்சுல ஒக்காந்து அந்த சைனுக்காக காத்துக்கிட்டு இருந்துச்சு. கடைசில கிராப் டாக்சி புடிச்சு பாலம் தாண்டிப் போய் சேர்றதுக்குள்ள குளிப்பாட்டி முடிச்சுட்டாங்க. அப்பாவுக்கு ஒரு சொம்பு தண்ணி ஊத்த குடுத்து வைக்கல. இதுக்கு மேல, அவ எடுத்த லீவ ஆனுவல் லீவ்ல கழிச்சுட்டாங்க.

கருமாதி முடிஞ்ச கையோட வந்து 24 மணி நேர நோட்டீஸ் குடுத்துட்டா. ஒரு மாச சம்பளத்த கட்டிட்டுத்தான் வெளிய போனா. எச்ஆர்ல ஒரு ஃபாரம் குடுத்தாங்க, ஏன் வேலைய விடுறீங்கன்னு கேட்டு கட்டம் கட்டமா போட்டிருக்கும். அவ "பெர்சனல் ரீசன்"னு இருக்குற கட்டத்துல டிக் அடிச்சுட்டு வந்துட்டா. நான் ஏம்மா இப்படி பண்ணுனேன்னு கேட்டதுக்கு, "எழுதி என்னாக்கா ஆகப் போகுது"ன்னு சொன்னா. அடுத்த வாரம் அந்த ஸ்டூல்ல வேற புள்ள ஒக்காந்திருக்கு.

எனக்கு ராத்திரி தூக்கம் வராம பண்ணுறது இதுதான். கம்பெனி ஃபைல்ல அவ அப்பா சாவு இல்ல, கேட் பாஸ் இல்ல, கார்ட் ஹவுஸ் பெஞ்சு இல்ல. பெர்சனல் ரீசன்னு ரெண்டு வார்த்தைதான் இருக்கு. வருசக் கடைசில மேல இருக்குறவங்களுக்கு ரிப்போர்ட் போகும்போது, இத்தன பேரு சொந்தக் காரணத்துக்காக போனாங்க, எங்க பக்கம் ஒரு கொறையும் இல்லன்னு போகும். நம்ம கையெழுத்து போட்டு அவங்களுக்கு நல்ல பேரு வாங்கிக் குடுத்துட்டு போறோம்.

இன்னொண்ணு பலருக்குத் தெரியாது. சாவுக்கு லீவு குடுக்கணும்னு 1955ஆம் வருசத்து வேலைச் சட்டத்துல எங்கயும் இல்ல. ஆனுவல் லீவு இருக்கு, எம்சி இருக்கு, பிரசவ லீவு இருக்கு. அப்பா அம்மா செத்தா இத்தன நாளுன்னு சட்டம் சொல்லல. கம்பெனி மனசு வச்சு பாலிசில போட்டா உண்டு, இல்ல யூனியன் ஒக்காந்து பேசி கூட்டு ஒப்பந்தத்துல எழுதி வாங்குனா உண்டு. மனசு வச்சு போட்ட பாலிசிய மனசு மாறுனா எடுத்துடலாம், ஒரு மெமோ ஒட்டுனா போதும். கூட்டு ஒப்பந்தம் அப்படி இல்ல, கொறஞ்சது 3 வருசத்துக்கு ரெண்டு பக்கத்தையும் கட்டிப் போடும், மீறுனா இன்டஸ்ட்ரியல் கோர்ட்டு வரைக்கும் இழுக்கலாம். யூனியன் எதுக்கு, சட்டம்தான் இருக்கேன்னு கேக்குற தம்பிங்களுக்கு நான் சொல்ற பதில் இந்தத் தங்கச்சி கதைதான்.

சட்டத்துல இருக்குறதையாவது முழுசா வாங்குறோமான்னு பாத்தா அதுவும் இல்ல. 2023 ஜனவரி 1லேந்து வாரத்துக்கு 45 மணி நேரம்தான் சாதாரண வேலை நேரம், முன்ன 48 இருந்துச்சு. மாச சம்பளம் 4,000 வெள்ளி வரைக்கும் வாங்குறவங்களுக்கு ஓடி, அதான் ஓவர்டைம், காசு கட்டாயம், சாதாரண நாள்ல ஒன்றரை மடங்கு. ஒரு மாசத்துக்கு ஓடி 104 மணி நேரத்த தாண்டக் கூடாது. இதெல்லாம் கேன்டீன் நோட்டீஸ் போர்டுல ஒட்ட வேண்டிய விசயம், ஒட்டமாட்டாங்க.

ஷிப்ட்டுக்கு 15 நிமிசம் முன்னாடி வந்து பிரீஃபிங்ல நிக்கணும்னு சொல்றாங்களே, அதுக்குக் காசு உண்டா? இல்ல. சின்ன விசயம்னு விட்டுடுறோம். மாசம் 16 ஷிப்ட்டுன்னு வச்சா 4 மணி நேரம், வருசத்துக்கு 48 மணி நேரம். சட்டம் சொல்ற ஒரு வார வேலைக்கும் மேல ஆச்சு, ஒவ்வொரு ஆளும் வருசத்துக்கு ஒரு வாரம் சும்மா ஒழைச்சுக் குடுக்குறோம். ஒரு லைன்ல 40 பேருன்னா என்னா ஆகுதுன்னு நீங்களே பெருக்கிப் பாருங்க. இத ஒருத்தர் தனியா போய் கேட்டா "கணக்கு பாக்குற ஆளு"ன்னு பேரு கட்டுவாங்க. 40 பேரும் கையெழுத்து போட்டு ஒரே லெட்டரா குடுத்தா பதில் எழுதித்தான் ஆகணும், எழுதலன்னா அதே லெட்டர் ஜாபத்தான் தெனாகா கெர்ஜா, அதான் தொழிலாளர் இலாகாவுக்குப் போகும்.

எம்சி விசயமும் அப்படித்தான். ரெண்டு வருசத்துக்குக் கொறைவான சர்வீஸ்னா வருசத்துக்கு 14 நாளு, ரெண்டுலேந்து அஞ்சுக்குள்ள 18, அஞ்சு தாண்டுனா 22. ஆஸ்பத்திரில படுத்தா அதுக்குன்னு தனியா 60 நாளு. இது கம்பெனி போடுற பிச்சை இல்ல. ஆனா அட்டெண்டன்ஸ் அலவன்ஸ்னு ஒண்ண வச்சு, எம்சி எடுத்தா அத வெட்டுறாங்க பாருங்க, அது சட்டத்துல நேரடியா புடிபடாத எடம். காய்ச்சலோட வந்து லைன்ல நிக்க வைக்கிறது அந்த அலவன்ஸ்தான். அதையும் பேசித்தான் மாத்தணும், தனி ஆளா மாத்த முடியாது.

"யூனியனா, பாயான் லெப்பாஸ்லயா, கனவு காணாதீங்கக்கா"ன்னு நீங்க சொல்றது எனக்குக் கேக்குது. ஏன் அப்படி ஒரு எண்ணம் வந்துச்சுன்னும் தெரியும். 1972ல இங்க ஃப்ரீ டிரேட் ஜோன் தொறந்தப்பலேந்து எலெக்ட்ரானிக்ஸ் பாக்டரிங்கள்ல யூனியன் வரவிடாம ரொம்ப வருசம் வச்சிருந்தாங்க. 1988லதான் அந்தந்த கம்பெனிக்குள்ள மட்டும் இன்-ஹவுஸ் யூனியன் வச்சுக்கலாம்னு விட்டாங்க. 2009ல வட்டார அளவுல எலெக்ட்ரானிக்ஸ் யூனியனுக்கு வழி விட்டாங்க. நம்ம அம்மாங்க மைக்ராஸ்கோப்ப பாத்துப் பாத்து கண்ணு போன காலம் முழுக்க நாடு தழுவுன ஒரு சங்கம் கூட இல்லாமலே போச்சு. அத நெனச்சா எனக்கு இன்னும் வயிறு எரியுது.

ஆனா இப்ப நெலம மாறியிருக்கு. 2024 செப்டம்பர் 15லேந்து தொழிற்சங்கச் சட்டத்த திருத்திட்டாங்க, ஒரே தொழில், ஒரே துறை ஆளுங்கதான் ஒண்ணா சங்கம் வைக்கலாம்னு இருந்த கட்டுப்பாடு போயிடுச்சு. 7 பேரு இருந்தா சங்கத்துக்கு மனு போடலாம். இருக்குற சங்கத்துலயும் போய் சேரலாம், எனக்குக் கேட்டா அதுதான் சுலபம், அனுபவம் உள்ளவங்க இருப்பாங்க. சங்கம் கம்பெனி கிட்ட அங்கீகாரம் கேட்டு லெட்டர் போட்டா, கம்பெனி 21 நாளுக்குள்ள பதில் சொல்லணும். முடியாதுன்னா ஜாபத்தான் பெர்ஹுபுங்கான் பெருசஹான், அதான் தொழில் உறவு இலாகா ஆளுங்க வந்து ரகசிய ஓட்டு எடுப்பாங்க. பாதிக்கு மேல ஆதரவு வந்தா கம்பெனி ஒக்காந்து பேசித்தான் ஆகணும்.

பாதிக்கு மேல. அதுதான் வேலை. அதுக்குத்தான் உங்கள போகாதீங்கன்னு கெஞ்சுறேன். தைரியமா பேசுற ஆளுங்க எல்லாம் ஒவ்வொருத்தரா லெட்டர் குடுத்துட்டுப் போயிட்டா, ஓட்டு எடுக்குற அன்னைக்கு லைன்ல நிக்கிறது யாரு? மூணு மாசத்துக்கு முன்னாடி வந்த புள்ளைங்க. அதுங்களுக்கு வேலை கன்ஃபர்ம் ஆகணும்ங்குற கவலையே பெருசு.

நம்மளால ஒண்ணா நின்னு ஒரு காரியத்த நடத்த முடியாதுன்னு மட்டும் சொல்லாதீங்க. தைப்பூசத்துக்கு தண்ணீர்மலை போற வழியில நம்ம பாக்டரி ஆளுங்களே தண்ணீர்ப் பந்தல் போடுறோமே, எப்படி நடக்குது அது? வசூல் நோட்டு ஒருத்தர் கையில, கணக்கு ஒருத்தர் கையில, அரிசி மூட்டைக்கு ஒருத்தர், வெங்காயம் உரிக்க ஒரு கூட்டம், ராத்திரி ஷிப்ட்டு முடிச்சு நேரா வந்து மோர் கலக்குறதுக்கு நாலு பேரு, யாரு எத்தன மணிக்கு யாரை மாத்துறதுன்னு ஒரு பேப்பர்ல எழுதி ஒட்டியிருக்கும். லட்சக்கணக்குல ஜனம் வர்ற எடத்துல ஒரு கொறை இல்லாம நடத்திக் காட்டுறோம். யூனியன் வேலையும் அந்தப் பந்தல் வேலை மாதிரிதான், நோட்டு, கணக்கு, ஆளு மாத்துறது, இவ்வளவுதான். மைக் புடிச்சு பேசுற ஆளு ஒருத்தர் போதும், மத்தவங்க வெங்காயம் உரிக்கிற மாதிரி சத்தம் இல்லாம பேரு எழுதி, நம்பர் வாங்கி, பயப்படுற ஆளு பக்கத்துல ஒக்காந்து பேசணும்.

பயப்படுறது நியாயம்தான். பாயான் லெப்பாஸ்ல எச்ஆர் ஆளுங்களுக்கு ஒருத்தர ஒருத்தர் தெரியும், பேரு கெட்டா வேற எங்கயும் எடுக்கமாட்டாங்கன்னு நெனைக்கிறீங்க. வீட்டு லோன் இருக்கு, மோட்டார் சைக்கிளுக்கு மாசத் தவணை இருக்கு. 1967ஆம் வருசத்து தொழில் உறவுச் சட்டம் 5ஆம் பிரிவ ஒரு தடவ யாரையாவது விட்டு படிச்சுக் காட்டச் சொல்லுங்க. சங்கத்துல சேர்ந்தாங்கங்குறதுக்காக வேலைய விட்டுத் தூக்கக் கூடாது, மெரட்டக் கூடாது, பதவி உயர்வ நிறுத்தக் கூடாதுன்னு அதுல இருக்கு. பேப்பர்ல இருக்குறது லைன்ல நடக்காதுன்னு சொல்வீங்க. சில எடத்துல நடக்கலதான். அதனாலதான் ஒத்த ஆளா முன்ன போய் நிக்காதீங்கன்னு சொல்றேன்.

அவங்க செய்யிற வேலையும் தெரிஞ்சு வச்சுக்கோங்க. திடீர்னு ஒருத்தருக்கு எக்சிகியூட்டிவ்னு பட்டம் குடுப்பாங்க, சம்பளம் அதேதான், பேட்ஜ் கலரு மட்டும் மாறும். நிர்வாகப் பொறுப்புல இருக்குறவங்க சாதாரணத் தொழிலாளி சங்கத்துல இருக்க முடியாதுங்குறதால, நல்லா பேசுற ஆள இப்படித்தான் கழட்டி விடுறது. இன்னொண்ணு, தப்பு ஏதாவது கண்டுபுடிச்சு ரூமுக்குள்ள கூப்புட்டு ஒக்கார வச்சு, "நீயே லெட்டர் எழுதிக் குடுத்துடு, உன் ரெக்கார்டு கெட்டுப் போகாது"ன்னு அக்கறையா பேசுவாங்க. எழுதாதீங்க. அந்த ரூம்ல எதுலயும் சைன் வைக்காதீங்க, வீட்டுல கேட்டுட்டு வர்றேன்னு எழுந்து வந்துடுங்க. நீங்களா எழுதுன லெட்டர் உங்களுக்கே எதிரா நிக்கும். பெர்கேசோங்குற சமூகப் பாதுகாப்பு அமைப்புல நம்ம சம்பளத்துலேந்து மாசா மாசம் புடிக்கிற வேலை இன்சூரன்ஸ், அதான் எஸ்ஐபி, ஆட்குறைப்புல வேலை போனவங்களுக்கு மொத மாசம் பழைய சம்பளத்துல 80 சதவீதம் வரைக்கும் குடுக்கும், பிறகு கொறஞ்சுக்கிட்டே வரும். சும்மா சொந்த இஷ்டத்துல ரிசைன் பண்ணுனா ஒரு காசு வராது. நியாயமான காரணம் இல்லாம தூக்குனாலோ, மெரட்டி லெட்டர் வாங்குனாலோ, 60 நாளுக்குள்ள பெர்ஹுபுங்கான் பெருசஹான்ல அதே தொழில் உறவுச் சட்டம் 20ஆம் பிரிவுல புகார் குடுக்கலாம், அதுக்கு வக்கீல் வேணும்னு இல்ல. 61ஆவது நாள் போனா கதவு சாத்திடும். எத்தனையோ பேரு துக்கத்துலயும் வெக்கத்துலயும் வீட்டுல ஒக்காந்திருந்தே அந்த 60 நாள விட்டுட்டாங்க.

ஆடிட் விசயத்தையும் சொல்லணும். நம்ம செய்யிற பொருள வாங்குற வெளிநாட்டு கம்பெனிங்க பல பேரு ரெஸ்பான்சிபிள் பிசினஸ் அலையன்ஸ்ங்குற அமைப்புல இருக்காங்க, அவங்க விதியில ஓடியோட சேத்து வாரத்துக்கு 60 மணி நேரத்த தாண்டக் கூடாது, ஏழு நாளைக்கு ஒரு நாள் லீவு இருக்கணும்னு இருக்கு. ஆடிட்டர் வர்றதுக்கு முந்துன வாரம் நம்மள கூட்டி வச்சு என்னா சொல்லணும்னு பாடம் எடுப்பாங்களே, கழிவறைய கழுவி சோப்பு வைப்பாங்களே, அது இதுக்குத்தான். ஆடிட்டர் கேட்டா உண்மைய சொல்லுங்க. ரெண்டு மூணு பேரு ஒரே மாதிரி சொன்னா அத எழுதாம போக முடியாது. இது பெரிய ஆயுதம், நம்ம ஆளுங்க இத கையில எடுக்குறதே இல்ல.

நம்ம பக்கத்துல நிக்கிற நேப்பாள், பங்களாதேஷ், மியன்மார் ஆளுங்கள மறந்துடாதீங்க. நமக்காவது லெட்டர் குடுக்குற வழி இருக்கு. அவங்க பெர்மிட் அந்த கம்பெனி பேர்லதான், விட்டுட்டுப் போனா ஊருக்கே போகணும், அங்க ஏஜென்ட்டுக்கு வாங்குன கடன் நிக்குது. நம்ம தாத்தா பாட்டி நெலமையில இன்னைக்கு இருக்குறது அவங்கதான். "அவனுங்க வந்துதான் நம்ம சம்பளம் ஏறல"ன்னு பஸ்சுல பேசுறத நான் கேட்டிருக்கேன், கேட்டு மனசு வலிச்சிருக்கு. அவங்களும் யூனியன்ல மெம்பரா சேரலாம். கேன்டீன்ல போய் பக்கத்துல ஒக்காருங்க, மலாய்ல பேசுங்க, நல்லாவே பேசுவாங்க.

இவ்வளவு சொல்லிட்டேன்ங்குறதுக்காக எல்லாரும் இருந்தே ஆகணும்னு அர்த்தம் இல்ல. ஒடம்பு ஒத்துழைக்கலன்னா போங்க. ராத்திரி ஷிப்ட்டுல மயக்கம் போட்டு விழுந்த பிறகும் அதே லைன்ல நிக்கச் சொன்னா போங்க. லீடரோ மேனேஜரோ தப்பா நடந்துக்கிட்டா, புகார் குடுத்தும் அவன் அங்கயே சுத்திக்கிட்டு இருந்தா, அந்த எடத்துல ஒரு நாள் கூட இருக்க வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்ல, புகார மட்டும் விடாதீங்க. வீட்டுல கைக்கொழந்தைய பாத்துக்க ஆள் இல்லன்னா, வேற எடத்துல நல்ல ஆஃபர் கையில இருந்தா, மனசு ஒடஞ்சு காலையில எந்திரிக்கவே முடியலன்னா, போங்க. ஒங்க புள்ளைக்கு அம்மா நீங்க ஒருத்திதான். சங்கம் மத்தவங்க தோள்லயும் நிக்கும்.

போறதா இருந்தா ஒழுங்கா போங்க. சொல்லாம கொள்ளாம ரெண்டு நாளுக்கு மேல வராம இருந்தா, நீங்களே ஒப்பந்தத்த முறிச்சதா ஆகிடும், பிறகு அவங்கதான் உங்க கிட்ட காசு கேப்பாங்க. நோட்டீஸ் எத்தன வாரம்னு ஆஃபர் லெட்டர்ல பாருங்க, பாக்கி இருக்குற ஆனுவல் லீவுக்குக் காசு கேட்டு வாங்குங்க, இபிஎஃப் சேமநிதி கணக்க தொறந்து கம்பெனி மாசா மாசம் கட்டியிருக்கான்னு பாருங்க, பே ஸ்லிப், ஷிப்ட்டு அட்டவணை, ஓடி கணக்கு எல்லாத்தையும் வெளிய போறதுக்கு முன்னாடியே எடுத்து வச்சுக்கோங்க. ஒங்க பேப்பர மட்டும் எடுங்க, கம்பெனி டிராயிங், கஸ்டமர் விவரம் எதையும் தொடாதீங்க, அதுல மாட்டுனா நியாயமே தலைகீழா போயிடும்.

அந்த ஃபாரத்துல பெர்சனல் ரீசன் கட்டத்த தொடாதீங்க. "அதர்ஸ்"னு ஒரு கட்டம் இருக்கும், அதுல உண்மைய எழுதுங்க, தேதி போட்டு எழுதுங்க. மலாய்ல எழுதலாம், இங்கிலீஸ் வரலன்னு கவலப்படாதீங்க. ஃபோட்டோ புடிக்க விடலன்னா ஒரு காப்பி கேளுங்க, குடுக்கலன்னா வீட்டுக்கு வந்து அதே விசயத்த ஈமெயிலா அனுப்புங்க. போற ஆளு எழுதி வச்சுட்டுப் போற அந்த நாலு வரி, இருக்குற ஆளுங்களுக்கு பிறகு எவ்வளவு ஒதவும்னு உங்களுக்குத் தெரியாது. 20 பேரு கேட் பாஸ்ஸ பத்தி எழுதியிருந்தா, அது சொந்தக் காரணம்னு யாராலயும் சொல்ல முடியாது.

சங்கத்துல இருக்குற பெரியவங்களுக்கும் ஒரு வார்த்தை. நீங்க செஞ்ச தியாகம் எங்களுக்குத் தெரியும், மரியாதை இருக்கு. ஆனா ஒங்க ஆஃபீஸ் அஞ்சு மணிக்கு மூடுது, எங்க ஷிப்ட்டு ஏழு மணிக்கு மாறுது. ஞாயித்துக்கெழமை ஹால்ல கூட்டம்னு சொல்றீங்க, எங்கள்ல பாதி பேருக்கு ஞாயித்துக்கெழமை வேலை. பஸ்சு நிக்கிற எடத்துக்கு வாங்க, நிபோங் திபால், புக்கிட் மெர்தாஜாம், கூலிம் பக்கம் எங்க வீட்டுக் கிட்ட வாங்க, பொம்பளைங்கள முன்னுக்கு கொண்டு வாங்க. லைன்ல நிக்கிறதுல பெரும்பாலும் பொம்பளைங்கதான், மேடையில ஒருத்தியக் கூட காணோம்.

"சரிக்கா, நீங்க போறீங்களா இருக்கீங்களா?"ன்னு கேட்டவங்களுக்கு இங்கயே பதில் சொல்லிடுறேன். எனக்கு ஜூரு பக்கம் ஒரு எடத்துல வேலை வந்துச்சு, சம்பளமும் கொஞ்சம் கூட. வேணாம்னு சொல்லிட்டேன். சங்கத்துல பேரு குடுத்தாச்சு, எங்க லைன்ல இருந்தும் ஆளு சேந்துக்கிட்டு இருக்காங்க. ரகசிய ஓட்டு வர்ற வரைக்கும் நான் இங்கதான். மொதல்ல கேக்கப் போறது சம்பளம் இல்ல, பெத்தவங்க, கூடப் பொறந்தவங்க, கட்டுனவங்க, புள்ளைங்க சாவுக்கு சம்பளத்தோட லீவு, அவசரம்னு வந்தா லீடரே கேட் பாஸ்ல சைன் வைக்கிற அதிகாரம், ஷிப்ட்டு நேரத்துல வீட்டுல இருந்து கூப்புட ஒரு நம்பர், அந்த நம்பர்ல போன் எடுக்க ஒரு ஆளு. சேர நெனைக்கிறவங்க பே ஸ்லிப்ப எடுத்துக்கிட்டு வாங்க, ராத்திரி ஷிப்ட்டுக்காரங்களுக்கு காலையில, பகல் ஷிப்ட்டுக்காரங்களுக்கு சாயந்திரம், எங்க பஸ்சு நிக்கிற எடத்துக்குப் பக்கத்து மாமாக் கடையில நாங்க ஒக்காந்திருப்போம்.

இப்படிக்கு,
பாயான் லெப்பாஸ்ல லைன்ல நிக்கிற உங்க அக்கா ஒருத்தி